ஊமையக்காவும் வெளியூர்க்காரியும்

அவளுக்கு வாய் இருந்தது. கேட்டவர் திரும்பிப் பார்க்கும்படியான குரலும் இருந்தது. ஆனாலும் நாரைப் பண்ணையில் எல்லோரும் அவளை ஊமையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவன் தீவன வண்டி ஓட்டும் டிரைவர். உப்புச்சப்பில்லாமல் ஒரு நாளும் பேசாதவன் அவன். அவனே ஒரு பொழுது முழுக்கப் பேசிப் பார்த்தும் அவளிடமிருந்து ஒரு தலையசைப்புக்கு மேல் தேறவில்லை என்பதால் வந்த பெயர்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் வேலை அப்படி. அழிந்துகொண்டிருந்த நாரைகளை அடைகாத்து, வளர்த்து, மறுபடியும் ஏரிகளில் விடுகிற இடம் அது. குஞ்சுகளை வளர்ப்பது அவள் பொறுப்பு. குஞ்சு இருக்கும் அறைக்குள் போகுமுன் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். முகத்துக்கு வலைத்துணி. வலது கையில் நாரைத் தலை போலச் செய்த பொம்மையை மாட்டிக்கொண்டு, அதன் அலகால்தான் இரை கொடுக்க வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது. முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சு யாரைப் பார்க்கிறதோ, யார் குரலைக் கேட்கிறதோ, அவர்களைத்தான் தன் இனம் என்று நெஞ்சில் எழுதிக்கொள்ளும். எழுதியது எழுதியதுதான். ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது.

வேலையில் பேசக்கூடாது, வீட்டில் பேச ஆளில்லை. மாடியில் ஒரே அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். விடியற்காலையில் குளிக்கும்போது ரேடியோவைப் பாட விட்டு வைப்பாள். குளித்துவிட்டு வரும்போது வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருக்குமே, அதற்காக.

எப்போதும் இப்படி இருந்தவளில்லை. அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டாள். அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். சொத்தும் வெளியே போகாது, சொந்தமும் விட்டுப்போகாது என்பார்கள் பெரியவர்கள். அத்தானும் நல்லவன்தான். முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது பிறந்தது, துவண்ட கொடி போலக் கிடந்தது. அழக்கூடத் தெம்பில்லை. அதைக் "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெயர் வைக்கும்வரை அது இருக்கவில்லை. ரத்தம் ரொம்பவும் நெருங்கிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்று ஆஸ்பத்திரியில் பதமாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதுவரை "என் மருமகளே" என்று வாய் நிறையக் கூப்பிட்ட அத்தை, அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. சில வருஷத்தில் அத்தானும் வெளியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். அவனுக்குப் பிள்ளைகள் கொழுகொழுவென்று பிறந்தன என்று கேள்விப்பட்ட அன்று, அக்கம்பக்கத்தார் ஊற வைத்திருந்த துணியையெல்லாம் சேர்த்துத் துவைத்துப் போட்டாள். அவ்வளவுதான். அழவில்லை.

பண்ணையிலும் அதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் பிடித்து வைத்த நாலைந்து நாரைகளின் வம்சம்தான் அங்கே இருந்த அத்தனையும். எல்லாம் ஒன்றுக்கொன்று அண்ணன் தங்கை, சித்தப்பன் மகள். போகப் போக முட்டைகள் கூமுட்டையாயின. பொரிந்த குஞ்சுகளுக்குக் கால் வளைந்திருந்தது. வளைந்த கால் குஞ்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வலைத்துணிக்குள் அவள் கண் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அந்த முட்டை வந்தது. தொலைவில் வற்றிக்கொண்டிருந்த ஒரு ஏரியில் மிச்சமிருந்த ஒரே ஜோடியின் ஒரே முட்டை. தாயும் தகப்பனும் செத்துக் கிடந்தன. டிரைவர் அதை வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே வைத்து, பள்ளத்தில் பார்த்துப் பார்த்து வண்டியை இறக்கி ஏற்றிக் கொண்டுவந்தான். "என் பெண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நான் இவ்வளவு மெதுவா ஓட்டினதில்லை" என்றான்.

பண்ணையின் டாக்டரம்மா வயதில் சின்னவள், படிப்பில் பெரியவள். முட்டையை இன்குபேட்டரில் வைத்துவிட்டு ஊமையக்காவை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அக்கா, ஒரு தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுன்னு வைங்க. திருடனுக்கு ஒரு சாவி போதும். நம்ம பறவைங்க இப்போ அப்படித்தான் இருக்கு. ஒரு நோய் வந்தா ஒண்ணு மிஞ்சாது. இது வேற பூட்டு. இதோட வம்சம் பெருகினாத்தான் இந்தக் கூட்டத்துக்கே வழி."

அவள் சொல்லி முடிக்குமுன்பே ஊமையக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கா புரியாது?

குஞ்சு நல்ல பெண் குஞ்சு. கால் நேராக இருந்தது. டிரைவர் அதற்கு வெளியூர்க்காரி என்று பட்டம் கட்டினான். ஊமையக்கா எல்லாம் முறைப்படிதான் செய்தாள், அந்த ஒரு மத்தியானம் வரை. அன்று பேய் மழை. கரண்ட் போனது, சூடு கொடுக்கிற விளக்கு அணைந்தது. ஜெனரேட்டரும் கைவிட்டது. குஞ்சு முதலில் நடுங்கியது, பிறகு நடுக்கமும் நின்று துவண்டது. துவண்ட கழுத்தைப் பார்த்ததும் அவளுக்குள் எந்தக் கதவு திறந்ததோ, அங்கியை விலக்கி அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள்.

"கண்ணு... என்னை விட்டுட்டுப் போயிடாத கண்ணு."

குஞ்சு மெல்லத் தலை தூக்கிக் கீச்சென்றது. அவள் கூப்பிட்டதற்குப் பதில் தந்த முதல் உயிர் அது. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. தினமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். குழாயில் தண்ணீர் வராதது, அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாம். பல வருஷம் தேங்கிய பேச்சு அந்தச் சின்னக் காதில் போய் விழுந்தது.

வெளியூர்க்காரி வளர்ந்தாள். பருவம் வந்தது. கூட்டத்திலேயே நல்ல ஆணாகப் பார்த்து அவள் கூண்டில் விட்டார்கள். அவள் அதைக் கொத்தி வேலியோரம் விரட்டினாள். ஒரு பருவம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கலையாம்" என்று டிரைவர் சிரித்தான். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் காலை டாக்டரம்மா வேலியருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில் தட்டிக்குப் பின்னால் மூட்டை இறக்கிய டிரைவரிடம் ஊமையக்கா, "மெதுவா வை, கிழிஞ்சிடும்" என்றாள். அவ்வளவுதான். வெளியூர்க்காரி விருட்டென்று தலை நிமிர்த்தினாள். தட்டியை நோக்கி ஓடிவந்தாள். இறக்கையை விரித்து, தலை தாழ்த்தி, எம்பிக் குதித்து ஆடினாள். ஜோடியைப் பார்த்தால் மட்டும் நாரை ஆடுகிற ஆட்டம்.

டாக்டரம்மா தட்டியைச் சுற்றி வந்தாள். "பேசினீங்களாக்கா?"

"பேசினேன்."

சத்தம் போடுவாள் என்று ஊமையக்கா எதிர்பார்த்தாள். டாக்டரம்மா கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அந்தக் குரல் இனி அதன் காதில் விழாமலே இருந்தால் ஒருவேளை மாறலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள் பிறகு. வேறு வேலை பார்த்துத் தருவதாகவும் சொன்னாள்.

ஊமையக்கா போகவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்த தானிய அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "ஊமைன்னுதானே பேரு. இனிமே நிஜமாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொன்னதுதான் பண்ணைக்குள் அவள் உரக்கச் சொன்ன கடைசி வார்த்தை.

காலையில் வெளியூர்க்காரி கூப்பிடுவாள். நீளமான, தழுதழுத்த கூவல். பதிலுக்குக் காத்திருந்து மறுபடி கூப்பிடுவாள். ஊமையக்கா தானியம் புடைத்துக்கொண்டே துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். டிரைவர் முதலில் கேலி பேசிப் பார்த்தான். துண்டில் பல் பதிந்து கிழிந்திருந்ததைக் கண்ட நாளிலிருந்து மூட்டையை ஓசைப்படாமல் இறக்கி வைத்தான்.

பிறகு வெளியூர்க்காரி இரை எடுப்பதை நிறுத்தினாள். டாக்டரம்மாவே ஆடிப்போய் தானிய அறைக்கு வந்தாள்.

"ஒரே ஒரு தடவை வந்து குரல் கொடுங்கக்கா. சாப்பிட்டாப் போதும். இப்படியே விட்டா செத்துடும்."

ஊமையக்கா எழுந்துவிட்டாள். கால் வாசல்வரை போயிற்று. ஒரு வார்த்தை போதும், கண்ணு என்று ஒரே ஒரு வார்த்தை. அது பிழைத்துக்கொள்ளும், அவள் குரலைக் காதலித்துக்கொண்டே முட்டையில்லாமல் கிழடாகும். அவளைப் போல. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அடிக்குரலில் சொன்னாள்:

"சாகாதும்மா. நான் சாகலையே."

மறுபடி உட்கார்ந்து முறத்தைக் கையில் எடுத்தாள்.

வெளியூர்க்காரி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். அதே கூண்டில் அந்த ஆண் நாரை, கொத்து வாங்கிய கழுத்தோடு, தொலைவிலேயே நின்றுகொண்டிருந்தது. அது தின்னும்போது ஒரு நாள் இவளும் போய்த் தின்றாள். அடுத்த மழை முடிந்தபோது ஒரு காலை, வழக்கமான கூவல் கேட்டது. ஊமையக்கா துண்டைக் கடித்தாள். கூவல் முடியுமுன் அதோடு இன்னொரு குரல் சேர்ந்தது. இரண்டும் ஒரே மூச்சில் ஏறி, ஒரே மூச்சில் இறங்கின. ஜோடி சேர்ந்த நாரைகள்தான் அப்படிக் கூவும். துண்டு வாயிலிருந்து நழுவி விழுந்தது.

முட்டை பொரிந்த அன்று, "அக்கா, உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கு. கால் குச்சி மாதிரி நேரா இருக்கு" என்று வந்து சொன்னான் டிரைவர். கேலி பேச வந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவள் கேட்டது ஒன்றுதான், ஒரே ஒரு தடவை இரை கொண்டுபோய் வைக்க. டாக்டரம்மா மறுக்கவில்லை. வெள்ளை அங்கியை மாட்டி, வலைத்துணியை இறக்கி, கையில் பொம்மைத் தலையோடு இரைத் தட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனாள். தவிட்டு நிறத்தில் ஒரு குஞ்சு தாயின் காலடியில் தடுமாறாமல் நின்றது. வெளியூர்க்காரி தலையைத் திருப்பி அந்த வெள்ளை உருவத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போலிருந்தது. ஊமையக்காவின் தொண்டைக்குழியில் அந்த ஒரு வார்த்தை வந்து நின்றது. விழுங்கினாள்.

வெளியூர்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குஞ்சுக்கு இரை ஊட்டப் போனாள்.

ஊமையக்கா தட்டை வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியே வந்தாள். அங்கியைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டினாள். அன்று மாடியறைக்குப் போனதும் ரேடியோவைப் பாட விடவில்லை. இரண்டாவது நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடி உட்கார்ந்து, வாய்விட்டுச் சொன்னாள்.

"கால் நேரா இருக்கு கண்ணு."