சத்தம் போன இடம்

மோதிரத்தைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் கணினியின் முன்னால் அரை நிமிடம் உட்காருகிறாள் என் தங்கை நுஸைபா. "எல்லாரும் கைய மடியில வச்சுக்குங்க" என்பது அவளுடைய முதல் வார்த்தை. "கடைசியா இதுல யாரு என்னத்தக் கேட்டீங்க?" என்பது இரண்டாவது. பதில் வரும்வரை மௌஸ் நகராது.

ஜோர்தானின் இர்பித் நகரில் எங்கள் தெருவில் முப்பத்தேழு வீடுகளில் கணினி இருக்கிறது. இருபத்தொன்பதில் அவள் கை பட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. கணினியைப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று சோபாவுக்கு உறை தைக்கப் போனேன்; அவள் பன்னிரண்டு முடித்தாள். மற்றதெல்லாம் தானாகக் கற்றுக்கொண்டது.

ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று கூப்பிடுபவர்கள்தான் அதிகம். கீழ்வீட்டு உம்மு ஸுஹா பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதோடு வந்து நின்றார். "அது நல்லாத்தான் இருந்துச்சு அக்கா. சத்தம் வேற வாசல் வழியாப் போயிருக்கு" என்றாள் நுஸைபா. சத்தத்தை வெளியே விடக் கணினிக்கு நாலைந்து வழிகள் உண்டாம். புதிதாக ஒன்றை இணைத்தால் பழையதை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய்விடுமாம். "புதுசா வந்தவங்க பக்கம் சாயுற புத்தி அதுக்கு" என்பாள். சரிசெய்த பிறகு சோதிக்க எல்லோரும் பாட்டுப் போடுவார்கள். அவள் கணினியின் ஒற்றை 'டிங்' ஒலியைத்தான் போடுவாள். "பாட்டு போட்டா காது பாட்டுக்குப் போயிடும்."

போன வெள்ளிக்கிழமை மேல்வீட்டு லுஜைனைப் பெண் கேட்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து இருபத்து மூன்று ஆண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஹாஜி மிஃப்லிஹ். காபிக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைத்தார், பெண்ணைக் கேட்டார். இனி பெண்ணின் தகப்பன் "காபியக் குடிங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சம்மதம். கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து போனால், இரண்டு குடும்பமும் தெருவில் முகம் பார்த்துக்கொள்ளாது.

தகப்பன் அபூ ஸாஹிர் பத்தொன்பது வருடமாகக் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். மூத்த பெண்கள் இருவருக்கும் அவர் சார்பில் தம்பிதான் அந்த வார்த்தையைச் சொன்னார். கடைசிப் பெண்ணுக்காவது தானே சொல்வேன் என்று கணினித் திரையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாஜி கேட்டு முடித்ததும் அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

தம்பி அபூ முஹன்னத் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியின் குமிழைக் கடைசிவரை திருகினார், தட்டினார், வயரைப் பிடுங்கிச் செருகினார். ஆறு நிமிடம் போயிற்று. "ஹெட்போன மாட்டி நான் கேட்டுச் சொல்றேன் ஹாஜி" என்றார்.

"உன் காதுல விழுந்தத வச்சு நான் எப்படிப்பா குடிக்கிறது?" என்றார் ஹாஜி. "முகத்தையும் பாக்கணும், குரலையும் கேக்கணும்."

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். "தர மனசில்லன்னா நேராச் சொல்லலாமே. பாவம், கம்ப்யூட்டர் மேல ஏன் பழியப் போடணும்?"

யாரும் சிரிக்கவில்லை. பெண் வீட்டார் பக்கம் உட்கார்ந்திருந்த நான் எழுந்து, பெண்கள் இருந்த அறைக்கதவைத் தட்டி நுஸைபாவைக் கூப்பிட்டேன்.

அத்தனை ஆண்களுக்கு நடுவே தலை நிமிராமல் வந்தாள். மோதிரத்தைக் கழற்றினாள். அபூ முஹன்னத்தின் விரல் இன்னும் குமிழில் இருந்தது. "மாமா, கைய மடியில வச்சுக்குங்க." அவர் வைத்துக்கொண்டார். ஹாஜியும் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைக் கோடு, அபூ ஸாஹிர் பேசப் பேச ஏறி இறங்கியது. "அவரு குரல் வந்துட்டுதான் இருக்கு" என்றாள். "எங்க போய் உக்காந்திருக்குன்னு பாக்கணும். கடைசியா இதுல யாரு என்னத்தக் கேட்டீங்க?"

அபூ முஹன்னத் நெற்றியைத் தேய்த்தார். "நேத்து சாயங்காலம்... பொண்ணுங்க பாட்டு கேட்டாங்க. அந்த வயரில்லாத சின்ன ஸ்பீக்கர்ல."

அது பெண்கள் அறையில், விருந்தினர் கழற்றிப் போட்ட மேலங்கிக் குவியலுக்கு அடியில் கிடந்தது. தகப்பனின் சம்மதம் அங்கே, தர்பூக்கா மேளம் அடிக்கும் சத்தத்துக்குக் கீழே, யார் காதிலும் படாமல் போய்க்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் உடனே மாற்றியிருப்பார்கள். அவள் முதலில் குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தாள். இல்லாவிட்டால் குரல் இடியாக விழுந்திருக்கும். அதன் பிறகுதான் திரையின் மூலையில் இருந்த ஒலிச் சின்னத்தை அழுத்தி, பட்டியலில் மேசை ஒலிபெருக்கியைத் தேர்ந்தாள். ஒரே ஒரு 'டிங்'.

"மாமா, மறுபடி சொல்லுங்க. இப்ப எல்லாருக்கும் கேக்கும்."

"காபியக் குடிங்க ஹாஜி" என்றார் அபூ ஸாஹிர். அறை முழுக்கக் கேட்டது. "என் பொண்ணு உங்க பொண்ணு."

ஹாஜி மிஃப்லிஹ் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். இருபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். திரையில் அபூ ஸாஹிர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். குரல் உடைந்தது, விம்மல் ஒலிபெருக்கி வழியாக வெளியே வரத் தொடங்கியது. நுஸைபா யாரையும் திரும்பிப் பார்க்காமல் இரண்டு விரலால் குமிழைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிவரை குறைத்தாள்.