பெயர் எழுதாத கப்

பிள்ளைகளே, நம் அலமாரியில் பெயரில்லாத பீங்கான் கப் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

காலேஜ் ஃபுட்பால் டீமில் என் நண்பன் சேகரை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. ஆனாலும் பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு என்று எல்லா மேட்சுக்கும் பஸ் ஏறிப் போனேன். அவன் கோல் போட்டால் கை தட்டும், வயிறு எரியும்.

சீசன் முடிந்ததும், நான் பகுதிநேரமாக வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பெயர் எழுதிக் கப் சுட்டேன். சேகர் கப்பில் மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

கொடுத்தபோது சேகர் கப்பைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

"எம்பேரு இல்லன்னா இது உன்னுதுதான்டா. ஒரு மேட்ச்சு வுடாம வந்தவன் நீ ஒருத்தன்தான். வூட்டுக்கு எடுத்துனு போ."

உண்மையை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேகர் மாமா வருகிறார். அந்தக் கப்பில் அவருக்கு டீ கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன்.