ஜன்னல் வழியே போட்ட ஸ்வெட்டர்கள்

லீலாவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து பெங்களூருக்கு இருபத்திரண்டு வருஷமாக ரயிலில் போய் வருகிறாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி பிரிவில் உதவியாளர் வேலை. சீட் கிடைத்தாலும் மாலூர் தாண்டுவதற்குள் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவாள். வீட்டில் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பாள். உனக்கு எவனோ சாவி கொடுத்து விட்டிருக்கான் என்பார் கணவர் ஆனந்தன்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. அப்பா சுரங்க ஷாப்டில் ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கி வேலை பார்த்தவர். மகள் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கினதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன்ஷிப் நீச்சல் குளத்தின் ஓரமாகப் பிள்ளைகளை நிறுத்தி, தோளைச் சுழற்றவும் காலை வீசவும் நின்ற இடத்திலேயே ஓடவும் வைப்பது அவள்தான். நெற்றியில் லேசாக வேர்வை துளிர்க்கும்வரை ஒருவரையும் தண்ணீரில் விடமாட்டாள்.

இதெல்லாம் நேத்ராவால் வந்தது. பக்கத்து லைன் வீட்டு ஜெயமேரியின் மகள், பன்னிரண்டு வயது, பட்டர்பிளை நீச்சல் அடிப்பாள். போன வருஷம் ஒரு போட்டிக்கு இரண்டரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து போனவள், இறங்கினதும் இறங்காததுமாகத் தோழி ஒருத்தியை விட்டு இரண்டு கையையும் பின்னால் இழுக்கச் சொல்லி, சொடக்கு எடுத்துக்கொண்டு அப்படியே குளத்தில் குதித்தாள். பாதி தூரத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் லீலாதான் அந்தக் கைக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றினாள். அப்புறம் குளத்துக்குப் போய்ப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் அதே கையிழுப்பு. பயிற்சியாளர் ஜெயகரனிடம் சண்டைக்குப் போனாள். அவர் சிரித்துவிட்டு, அப்படின்னா நீங்களே செய்யுங்க சிஸ்டர் என்று தலையில் கட்டிவிட்டார்.

ஜூலையில் மாநில அணிக்கான தேர்வு பெங்களூரில் வந்தது. அன்று விடியற்காலை லீலாவும் ஜெயகரனும் ஆறு பிள்ளைகளோடு வேன் ஏறும்போது ஜெயமேரி லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லீலாக்கா, இந்தத் தபாவும் கை புடிச்சிக்கினு வந்தா குளத்துப் பக்கமே அனுப்ப மாட்டேன். மெடல் வரும் போவும். அந்தக் கை அவளுக்கு இன்னும் எத்தினி வருஷத்துக்கு வேணும்?"

லீலா பங்காருபேட்டை ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை வேனுக்குள் காலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

பிளாட்பாரத்தில் சரியான கூட்டம். ஆறு பிள்ளைகளும் நின்றுகொண்டே போனால் போட்டிக்கு முன்பே கால் ஓய்ந்துவிடும் என்று லீலாவுக்குப் பட்டது. ரயில் நிற்பதற்குள் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவள் கையில் ஏறிவிட்டது. பிள்ளைகள் போட்டிருந்த ஸ்வெட்டர்களைக் கழற்றச் சொல்லி வாங்கி, ஒரு ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே வீசினாள். ஆறு சீட் பிடித்தாயிற்று. ஆனால் அந்தப் பெட்டியின் வாசலில் ஏற வழியில்லை. விசில் ஊதிவிட்டது. ஜெயகரன் பிள்ளைகளை அடுத்த பெட்டியில் அள்ளிப் போட்டார். அதற்கும் இதற்கும் நடுவே போக வழி கிடையாது.

பெங்களூரில் இறங்கி அந்தப் பெட்டிக்கு ஓடினாள். அது காலி. சீட்டின் மேலும் இல்லை, அடியிலும் இல்லை.

குளத்துக்குப் போனபோது தூறல். லீலா ஒரு கூரைக்கடியில் பிள்ளைகளை நிறுத்தி எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்ய வைத்தாள். கால் மணி நேரத்தில் நேத்ராவின் கன்னம் சிவந்து, மூச்சு சீராக ஏறி இறங்கியது. இதுதான் சரியான பதம், இப்போது கூப்பிட்டால் போதும். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: நேரம் குறிக்கும் இயந்திரத்தில் கோளாறு, போட்டி ஒரு மணி நேரம் தாமதம்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள்ளும் ஜாக்கெட்டுக்குள்ளும் சுருண்டுகொண்டார்கள். நம் பிள்ளைகள் மெல்லிய டீ-ஷர்ட்டோடு சிமெண்ட் படியில் உட்கார்ந்தார்கள். காற்று ஈரத்தைக் கொண்டுவந்து மேலே போட்டது. லீலா இரண்டு தரம் நேத்ராவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் தரம் அது குளிர்ந்திருந்தது. தன் துப்பட்டாவை எடுத்து அந்தத் தோளைச் சுற்றினாள்; நனைந்த துப்பட்டா என்று சுற்றின பிறகுதான் தெரிந்தது.

எழுந்திருங்க, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள். ஜெயகரன் தடுத்தார். ஒரு தரம் செய்தாயிற்று, மறுபடியும் செய்தால் தெம்பெல்லாம் இங்கேயே தீர்ந்துபோகும், உட்கார்ந்து சக்தியைச் சேர்த்து வைக்கட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லீலா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னது யார்? இரண்டு மாசம் பார்த்துப் பார்த்துத் தேற்றிய தோளை, ஒரு சீட்டுக்கு ஆசைப்பட்டு ஜன்னலுக்குள் வீசிவிட்டோமே என்று மனசு குடைந்தது. நாலாவது நடையில் சட்டென்று நின்றாள். தான் மட்டும் ஏன் குளிரவில்லை?

"மாஸ்டர், ஓட வெக்கல. குதிக்க வெக்கல. என்கூட நடக்கட்டும், அவ்ளோதான்."

"இன்னா சிஸ்டர், ஒரு மணி நேரமும் நடக்கவா?"

"நான் இருவத்திரெண்டு வருஷமா நடக்கலியா?"

சரி என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். லீலா முன்னால், பின்னால் ஆறு பிள்ளைகள். கூரைக்கடியில் மெதுவாக நடை, கோடியில் திரும்பும்போது பத்துத் தரம் தோள் சுழற்றல், மறுபடி நடை. அதிகமில்லை, விடவுமில்லை. வேறு ஊர்ப் பையன்கள் வாத்துக் கூட்டம் போகிறது என்று கன்னடத்தில் கேலி செய்தார்கள். நேத்ரா கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். வாத்துதான்பா நீந்தும், கோழிதான் திண்ணையில் குந்தும் என்று. ஐம்பது நிமிஷம் கழித்துப் பெயர் கூப்பிட்டபோது அவள் தோள் லீலாவின் உள்ளங்கைக்குக் கதகதப்பாக இருந்தது.

நூறு மீட்டர். லீலா பந்தயத்தைப் பார்க்கவில்லை. வலது கை தண்ணீரை விட்டு வெளியே வருவதை மட்டும் பார்த்தாள். வந்தது, போனது, வந்தது. கடைசிப் பத்து மீட்டரில் நேத்ரா மூன்று பேருக்குப் பின்தங்கி நாலாவதாகச் சுவரைத் தொட்டாள். முதல் இரண்டு பேருக்குத்தான் இடம்.

சாயங்கால ரயிலில் நேத்ரா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ஒயிட்பீல்டில் பக்தவச்சலம் ஏறினார். லீலாவோடு தினம் போகிறவர், ஏதோ ஒரு தொழிற்சாலையில் பிட்டர். கையில் பெரிய பை. லீலாவைக் கண்டதும் அதை அவள் மடியில் கவிழ்த்தார். ஆறு ஸ்வெட்டர்.

"இன்னாம்மா லீலா, காலைல சீட்டு மேல வந்து வுழுந்த ஸ்வெட்டர்ல கிளப் பேர பாத்ததும் உங்க பசங்களுதுன்னு தெரிஞ்சிச்சி. நீங்க வருவீங்கன்னு ஆறு சீட்டுக்குக் காவல் காத்தேன். ஒருத்தன் என் சட்டையப் புடிச்சிட்டான். ஒயிட்பீல்டுல எறங்கற வரிக்கும் போன் மேல போன் பண்றேன், எடுக்கவேயில்ல."

போன் பைக்குள் கிடந்தது. காலையிலிருந்து அதை யார் பார்த்தார்கள்? லீலா நேத்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேத்ரா தன் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கி, அதற்குள் நுழைந்து வெளியே வந்தாள். முகம் சுளிக்கவில்லை. போன வருஷம் இதே ஸ்வெட்டரை அவளுக்கு ஜெயமேரிதான் மாட்டிவிட வேண்டியிருந்தது.

போன் அடித்தது. ஜெயமேரி. எத்தனையாவது என்று அவள் கேட்கவில்லை.

"கை?"

"இப்பதான் ஸ்வெட்டர் மாட்டினா. தானாவே."

நாளைக்குக் குளத்துக்கு ஆறு மணியா, ஆறரையா என்று ஜெயமேரி கேட்டாள். ஆறு என்று சொல்லிவிட்டு லீலா எழுந்தாள். பக்தவச்சலம், இப்பவாவது குந்தும்மா என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் அதற்குள் கதவுப் பக்கம் போயிருந்தாள்.