மாசிலாமணி என்ற வேலப்பனின் பேத்தி

ரெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நாங்கள் வேலையைத் தொடங்கியிருந்தோம். பாறசாலையில் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அக்காவின் மிஷின் என் மிஷினுக்குப் பக்கத்தில். முந்தைய நாள் அவர் பாதியில் விட்டுப்போன நீலப் பாவாடை ஊசிக்குக் கீழேயே கிடந்தது. "நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே..." என்று போனை வைத்துவிட்டு, எங்களோடு தைக்கும் சாந்தா மாமி சொன்னார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அடக்க ஆராதனையில் எங்கள் சபைச் செயலாளர் பேசினார். "குடும்பப் பற்று மிகுந்த சகோதரி" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அக்காவின் குடும்பப் பற்று எதைக் கேட்டது, அதற்கு அந்தச் செயலாளர் என்ன பதில் சொன்னார் என்பதை அக்காவை அறிந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பிள்ளே, நீ பேரு சொல்லுதியா, இல்ல ரகசியம் சொல்லுதியா? உரக்கச் சொல்லு மக்கா. பேரு சொன்னா வாய் தேஞ்சு போவாது" என்றார். கூடமே சிரித்தது. அன்று முழுவதும் நான் தலையை நிமிர்த்தவில்லை. சாயங்காலம் தன் பங்கு பழம்பொரியை என் கையில் வைத்து, "கோவமாக்கும்? தின்னு. தின்னுட்டு கோவப்படு" என்றார்.

அக்காவின் பாட்டா, அதாவது அவருடைய அப்பாவைப் பெற்றவர், வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர்க்காலம். அவர் கப்பல் ஏறியபோது அக்காவின் அப்பா வயிற்றில் இருந்தார். பாட்டா திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. ஊரே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது: மாசிலாமணி பட்டாளத்தை விட்டு ஓடி, ரங்கூனில் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான் என்று. அக்காவின் அப்பா தபசி மாமா இன்று எண்பது தாண்டிய கிழவர். இப்போதும் வாய்க்கால் வரப்புத் தகராறு வந்தால், "ஓடிப்போனவனுக்க மவன்தானே நீ" என்று கேட்கிற ஆட்கள் உண்டு. அப்பாவின் முகத்தையே பார்க்காத ஒரு மனிதரிடம் இப்படிக் கேட்க எப்படி நாக்கு வருகிறது?

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை உண்டு. அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வரும்போது அந்த வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றுவார். தபசி மாமா கண்ணை மூடுவதற்குள் அவருடைய அப்பாவின் பெயரை அங்கே வாசிக்க வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக அவர் தேடினார். மதிய இடைவேளையில் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, போரில் இறந்தவர்களின் பெயர்கள் உள்ள இணையதளத்தில் 'மாசிலாமணி' என்று அடித்துக்கொண்டே இருப்பார். யார் யாரோ வருவார்கள், பாறசாலைக்காரர் வரமாட்டார். "எங்க போய்க் கெடக்கியரு பாட்டா, ஒரு வாக்கு மிண்டும்" என்று, வாய் திறந்து பேசாத ஆளைத் திட்டுவது போலப் போனைத் திட்டுவார்.

ஒருநாள் அக்காவுக்கு நெஞ்சுப் படபடப்பு என்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் "ராஜம்மா! ராஜம்மா ஆரா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எழவில்லை. நாங்களும் யார் அந்த ராஜம்மா என்று திரும்பிப் பார்த்தோம். திடீரென்று அக்கா என் தொடையில் அடித்து, "அய்யோ, அது நானாக்கும்!" என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் இப்படித்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று, சர்க்கார் காகிதத்தில் இன்னொன்று. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த அக்கா சிரிக்கவில்லை. "மக்கா, பாட்டாவையும் பட்டாளத்துல இப்பிடித்தான் விளிச்சிருப்பாவ. வேற பேருல" என்றார்.

அம்பூரியில் ஞானஸ்நானம் எடுக்காத சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டோம். "மாசிலாமணியா? எங்களுக்கு அவரு வேலப்பனாக்கும்" என்றார்கள். அங்கேயே, ரப்பர் மரத்தடியில் நின்று, அக்கா அந்தப் பெயரைப் போனில் அடித்தார். வேலப்பன், அப்பா பெயர், மனைவி பெயர், பாறசாலை, திருவிதாங்கூர். எல்லாம் இருந்தன. ரங்கூனுக்குப் பக்கத்தில், கல்லறை கிடைக்காத வீரர்களுக்காக எழுப்பிய நினைவிடத்தில் அவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் ஓடிப்போகவில்லை. சண்டையில் செத்திருக்கிறார். அக்கா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அக்கா சபைக் கமிட்டிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். செயலாளர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது இந்துப் பேரில்லியா? நம்ம சபையில வேலப்பன்னு ஒருத்தரும் இல்ல. கல்லறையும் இங்க இல்ல. பின்ன எப்படி வாசிக்க?" என்றார்.

"சார், உங்க ரேஷன் கார்டுல என்ன பேரு?" என்று அக்கா கேட்டார்.

ஒருவர் இருமினார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு. செயலாளர் பென்ஷன் வாங்குவதே மற்றப் பெயரில்தான். "நீ விஷயத்தை மாத்தாத கேட்டியா" என்றார் அவர். அதோடு முடிந்தது. வரும் வழியில் அக்கா, "ஓடிப்போனான்னு சொல்ல இவங்களுக்குத் தெளிவு, சாட்சி ஒண்ணும் வேண்டாம். செத்தான்னு சொல்ல மட்டும் தெளிவு வேணும்" என்றார். அதன் பிறகு அதிக நாள் அவர் இருக்கவில்லை.

இந்த ஆண்டு கல்லறை ஆராதனையில் 'ரெஜினா' என்று வாசித்தார்கள். புது மண்ணுக்குப் பக்கத்தில் தபசி மாமா கம்பை ஊன்றி நின்றார். நான் அவர் கையைப் பிடித்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, முதல் மெழுகுவர்த்தியின் சுடரில் பற்றவைத்து மண்ணில் நட்டேன். செயலாளர் வாசிப்பதை நிறுத்தினார். "அது ஆருக்கு?" என்றார்.

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன மக்கா சொன்ன? எனக்குக் கேக்கல" என்றார் மாமா. அவருக்குக் காது மந்தம்.

அக்காவின் தையல் மிஷினில் இப்போது வேறு ஒருவர் உட்காருகிறார். அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. முதல் நாள் அவர் என்னைக் கேலி செய்த அந்த வார்த்தை மட்டும் இருக்கிறது. ஆராதனையன்று அது கைகொடுத்தது. மாமாவின் காதுக்குக் கேட்கிற மாதிரி, கல்லறைத் தோட்டத்தின் மதில் வரை கேட்கிற மாதிரி, இன்னொரு முறை சொன்னேன்.

"மாசிலாமணி என்ற வேலப்பன். பாறசாலை. பர்மாவில் இறந்தவர்."