நாய்க்கூட்டுக்கு அனுமதி உண்டு

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் முன்பக்கம் வேலி கிடையாது. வீடு பார்க்கப் போன அன்று விற்பனைத் தரகர் அதைத் திறந்த மனத்தின் அடையாளம் என்றார். என் கணவர் தலையாட்டினார். டேனிஷ்காரர் எதைச் சொன்னாலும் அவர் தலையாட்டுவார். கழுத்துக்கு மேலே தலை இருப்பதே அதற்குத்தான் என்று நினைப்பு.

திறந்த மனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் யாரோ ஒரு புத்திசாலி காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்தான்: தெருப்பக்கம் செடிவேலி வைக்கக் கூடாது, முழங்கால் உயரத்துக்குப் பலகை வேலி மட்டும் அடைக்கலாம். பிறகு கொம்யூன், அதாவது இங்குள்ள நகரசபை, தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டது. லோக்கல்பிளான் என்பார்கள். அதில் பலகை வேலி கூடாது, செடிவேலி மட்டும்தான். உறுதிக்குக் காவல் வீட்டுக்காரர் சங்கம், லோக்கல்பிளானுக்குக் காவல் கொம்யூன். பலகை அடித்தால் கொம்யூனுக்குக் கோபம், செடி நட்டால் சங்கத்துக்குக் கோபம். இரண்டு பேரையும் குளிர வைக்க ஒரே வழி வெறும் புல். அதைத்தான் தெரு முழுக்க வளர்த்து, வாரம் தவறாமல் வெட்டி, அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு வெறும் புல் உதவாது. மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வரவில்லை. ஆபத்து என்றால் என்னவென்றும் தெரியாது. கதவு திறந்த கணம் நேரே தெருவுக்கு ஓடுவாள். ஒருநாள் ஒரு லொறிக்காரன் அவளுக்கு ஆறடி தள்ளி பிரேக் அடித்து நிறுத்தினான். இறங்கி என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். அவன் இறங்கவில்லை, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றதில்லை.

கணவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார்.

"ஆரைக் கேக்கவேணும்? உன்ரை காணி, உன்ரை வேலி. அடிச்சு முடிக்க ஒரு சனிக்கிழமை காணும்."

எங்கள் ஆட்களுக்கு வேலி என்றால் ஒரே ஒரு சண்டைதான் தெரியும்: எல்லையைத் தள்ளிப் போட்டாய், என் காணியை விழுங்கினாய். யாழ்ப்பாணத்தில் அதற்காக நீதிமன்றப் படி தேய்த்த பரம்பரை. அந்தப் பயம் இரத்தத்தில் ஊறியிருந்ததால், அந்தச் சனிக்கிழமை நண்பர் கூட்டி வந்த ஆண்கள் எல்லாரும் கயிறு பிடித்து, எல்லையிலிருந்து ஒரு முழம் எங்கள் பக்கமே உள்ளே தள்ளி, நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடித்தார்கள். "இனி ஒருத்தனும் வாய் திறக்கேலாது" என்று நண்பர் மார்தட்டினார். நான் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டேன். காணியை விழுங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். அந்தப் பேச்சே எழவில்லை.

மறுநாள் சங்கத் தலைவர் அளவு நாடாவோடு வந்தார். ஓய்வு பெற்ற மனிதர், வேறு தொழில் இல்லை. "அழகான வேலை" என்றார். பாராட்டிவிட்டுக் கழுத்தை அறுப்பது இவர்களின் மரியாதை. பிறகு, உறுதிப்படி உயரம் கூடிவிட்டது என்றார், லோக்கல்பிளான்படி பலகையே பிழை என்றார்.

"மகளுக்காகத்தான் அடித்தோம்" என்றேன்.

"புரிகிறது. ஆனால் ஒருவருக்காக விதியை வளைத்தால் எல்லாருக்கும் வளைக்க வேண்டி வரும்."

வேறு யாருடைய பிள்ளை லொறிக்கு முன்னால் ஓடுகிறது என்று கேட்டேன். அது தனிப்பட்ட விஷயம் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

கொம்யூனிடம் போகலாம் என்று கணவர் தொடங்கினார். "வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடியுக்கை விடாதேங்கோ" என்று நான் சொன்னேன். கேட்டால்தானே. "அங்கை நியாயம் கிடைக்குமப்பா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஓர் இளம் பெண் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். இரண்டு விதியும் மோதினால் எது வெல்லும் என்று கேட்டோம். பொதுவாக லோக்கல்பிளான்தான், செடி நடுங்கள் என்றாள். சங்கம் உறுதியைக் காட்டி வழக்குப் போட்டால் அது உங்களுக்குள்ளே பார்த்துக்கொள்ள வேண்டியது, நாங்கள் தலையிட மாட்டோம் என்றாள்.

"செடி வளர எவ்வளவு காலம்?"

"மண் நல்லதானால் ஐந்தாறு வருடம்."

"அதுவரைக்கும் என் பிள்ளையை யார் பிடித்து வைப்பது?"

அவள் குரலைத் தாழ்த்தி, "உங்களிடம் நாய் இருக்கிறதா?" என்றாள். வீட்டுக்குப் பின்னால் வளவிலும் வேலிக்கு அதே விதிதானாம், ஆனால் நாய்க்கூடு என்றால் அங்கே ஆள் உயரத்துக்குக் கம்பி அடிக்கலாமாம். நாய்க்கூடு வேலிக் கணக்கில் வராதாம். உறுதியிலும் தடை இல்லை, லோக்கல்பிளானிலும் தடை இல்லை. "நாய் தெருவுக்கு ஓடிவிட்டால் ஆபத்து அல்லவா?" என்று எனக்கு விளக்கமும் தந்தாள். அவள் அதை இரக்கத்தில்தான் சொன்னாள். அது தெரிந்ததால்தான் எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கணவர் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

பலகை அடிக்க வந்த கூட்டத்தில் கழற்ற ஒருவரும் வரவில்லை. நண்பருக்கு முதுகுப்பிடிப்பாம். நாங்கள் இரண்டு பேரும் கழற்றினோம். பின்வளவில் கம்பி அடித்து, கொளுக்கி போட்ட கதவும் வைத்தோம். கொம்யூன் படிவத்தில் நாய் என்று எழுதிய இடத்தில் கணவர் கையெழுத்து வைத்தார். நான் வைக்க மறுத்துவிட்டேன்.

தலைவர் மறுபடி அளவு நாடாவோடு வந்தார். நீளம், உயரம், எல்லாம் சரி. நான் மகளோடு உள்ளே புல்லில் உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியே அதற்குள் விட எனக்கு மனம் வரவில்லை. அவர் கம்பிக்கு வெளியே குனிந்து, "நாயை இன்னும் காணவில்லையே?" என்றார்.

"நீங்கள் உள்ளே வாருங்கள், அந்தக் குறையும் தீர்ந்துவிடும்" என்றேன், சுத்தமான டேனிஷில்.

கணவரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தலைவரோ விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் நகைச்சுவை உங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று பாராட்டி, கை காட்டிவிட்டுப் போனார்.

"என்ன கதையப்பா கதைக்கிறீர்? ஆளுக்கு விளங்கியிருந்தா?"

"விளங்கவேணுமெண்டுதான் சொன்னனான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தேநீர் ஊற்றி வந்து கம்பிக் கதவால் நீட்டினார். மகள் எழுந்து ஓடினாள். என் உடம்பு பழக்கத்தில் துள்ளியது. பிறகு ஓட வேண்டியதில்லை என்று புரிந்து அப்படியே இருந்துவிட்டேன். அவள் நாலு மூலைக்கும் ஓடிக் களைத்து, என் காலடியில் குப்புறப் படுத்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தேநீரைச் சூடாகக் குடித்து முடித்தேன். ஒரு நாய்க்கூட்டுக்குள் இருந்துகொண்டு எனக்கு அது அவ்வளவு சுகமாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.