மூன்று புள்ளிக்குள் போன புளியமரம்

அடுத்தவர் பேச்சைச் சுருக்க மூன்று புள்ளி போதும் என்று கண்டுபிடித்த மகராசன் ஒருமுறை எங்கள் ஜவ்வாது மலைக்கு வந்து யாரிடமாவது எதையாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். இங்கே எடுத்த எடுப்பில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். தேடி வந்தவரை முகத்தில் அடித்தது போல் ஆகிவிடும். முதலில் அவர் பக்கத்து நியாயத்தை எல்லாம் அவருக்காக இவர்களே பேசுவார்கள். நல்லதுதான், சரிதான், செய்யலாம்தான் என்பார்கள். சொந்தப் பேச்சு கடைசியில்தான் வரும். பெண் கேட்க வந்து, பாதிப் பேச்சிலேயே சம்மதம் என்று நினைத்துப் போய்ப் புடவை எடுத்துவிட்ட, மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர்களை எனக்குத் தெரியும்.

நான் கணியம்பாடியில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். அண்ணன் குடும்பம் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே ஜீப் போகும் மண் தடத்தைத் தார்ச்சாலையாக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, ஒரு சென்னைப் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. தடத்தின் திருப்பத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. நான்கு பங்காளிக் குடும்பங்களுக்கும் அது பொது. நான்கு வீடும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு கிளையைக்கூட யாரும் தொடக்கூடாது. அந்த மரத்தை என்ன செய்வது என்று அண்ணியிடம் கேட்டேன்.

"ரோடு நல்லதுதான் தம்பி. புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்கினு போற கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். வூட்டாண்ட ஜீப் வந்தா யாருதான் வேணாம்னுவாங்க? போடட்டும். ஆனா மரத்துல கை வெக்கக் கூடாது. நாலு வூடும் சாப்புடுற மரம் அது. கொஞ்சம் வளைச்சுப் போட்டா போதும்."

போனில் பதிவு செய்து, ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது இது. மரத்தைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பெண் சொன்னார்: "ரோடு நல்லதுதான்... யாருதான் வேணாம்னுவாங்க? போடட்டும்..." மேலே, மரத்தடியில் அண்ணி சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியருக்குப் போன் போட்டேன். "இடம் இல்ல சார். அதான் புள்ளி வெச்சிருக்கோமே, ஏதோ விட்டிருக்குன்னு வாசகருக்குப் புரியும்" என்றார். என்ன விட்டிருக்கிறது என்று எப்படி ஐயா புரியும்? அதே பக்கத்தில் முடி வளர்க்கும் எண்ணெய்க்குக் கால் பக்கம் இடம் இருந்தது. ஒரு பெண்ணின் மறுப்புக்கு ஒரு வரி இல்லை. அந்த ஆசிரியர் திருடியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. திருடியதற்கு அடையாளமும் வைத்துவிட்டு, அதையே நேர்மை என்கிறாரே!

அதற்குள் அச்சான அந்தப் பக்கம் போனுக்குப் போன் பரவி மலைக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. பங்காளிகள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்களக் கேக்காம மரத்த எப்படிக் குடுத்தே?" என்றார் அவர்களில் பெரியவர். நான் மலைக்கு ஓடிப்போய் என் போனில் இருந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்கள். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டார். "நாங்க நம்புறோம். ரோடு போட வர்றவன் இதையா கேப்பான்? அதத்தானே படிப்பான்?"

அவர் சொன்னபடியே ஆனது. அடுத்த வாரம் அளக்க வந்த அதிகாரி அந்தப் பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு, "நீங்கதான் ஒத்துக்கினீங்களேம்மா" என்றார். பங்காளிகள் எல்லோரும் அண்ணியையே பார்த்தார்கள்.

"வெட்டக் கூடாது" என்றாள் அண்ணி.

வாங்க என்று சொல்லவில்லை. ரோடு நல்லது என்று சொல்லவில்லை. அவர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். அதே இரண்டு வார்த்தையைத் திரும்பச் சொன்னாள். ஆட்சேபம் என்று எழுதிக்கொண்டு, சாலையை வளைத்துப் போடப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஜீப்பில் ஏறும்போது, "இன்னா திமிருப்பா இந்த அம்மாவுக்கு" என்று ஓட்டுநரிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

பங்காளிகளுக்கு மகிழ்ச்சி. அண்ணி மட்டும் உள்ளே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"வூடு தேடி வந்த மனுசன்கிட்ட நல்லதா ஒரு வார்த்த பேசலியே தம்பி" என்றாள். "பேசியிருந்தா அதத்தானே எடுத்துக்கினு போயிருப்பாங்க?"