பொன்பூச்சில் ஒரு கட்டைவிரல்

இந்த ஊரில் இரும்பை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை. ஸ்வீடனுக்கு வந்து பனியும் அரைப்பகலும்கூடப் பழகிவிட்டன, இது மட்டும் பழகவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு டிரில் பிட்டைத் தூக்கவே கையுறைமேல் கையுறை. காரணம் இருக்கிறது. கார்பைடு பிட்டின்மேல் டைட்டானியம் நைட்ரைடையும் இன்னொரு நைட்ரைடையும் மாற்றி மாற்றி, நானோ அளவு அடுக்குகளாகப் பூசுகிறோம். எல்லாம் சேர்ந்தும் மயிரிழைத் தடிமன் வராது. ஓர் அடுக்கில் விழும் விரிசல் அடுத்ததைத் தாண்டத் திணறும், அதனால் பிட் லேசில் மழுங்காது. நிறமோ அசல் தங்கம். ஆனால் பூசுமுன் விரல் பிசுக்குப் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பூச்சு நிற்காது.

செல்லூரில் என் அண்ணனுக்கு லேத் பட்டறை. பவர்லூம் தறிகளுக்கு உதிரிபாகம் செய்கிறார். சனிக்கிழமை மதியம் எங்கள் வீடு இருந்த வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது பள்ளிக்கூட நாளில் என் வேலை. எந்தப் பிட்டையும் அவர் எடுத்த எடுப்பில் மாட்டமாட்டார். கூர் பார்க்க நகத்தில் ஓர் இழுப்பு, கட்டைவிரலால் ஒரு தடவல். "டப்பால என்ன எழுதியிருந்தாலும் வெரலு சரின்னு சொல்லணும் பாப்பா" என்பார். நானும் தடவுவேன். ஆயில் வாடையும் தறிச் சத்தமும் கலந்த அந்த மதியங்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

போன மாதம் முதன்முறையாக ஒரு முழுத் தொகுதியை என்னிடம் ஒப்படைத்தார்கள். அது தேறினால் வேலை நிரந்தரம். கழுவிய பிட்டுகளை அடுக்கும்போது, எப்போது கையுறையைக் கழற்றினேன் என்றே தெரியவில்லை, ஒன்றை நகத்தில் இழுத்துத் தடவியிருக்கிறேன். பூசி வெளியே எடுத்தால் எல்லாம் தங்கமாக மின்ன, ஒன்றில் மட்டும் என் கட்டைவிரல் அளவுக்குப் பூச்சு உரிந்து சாம்பல் நிறம்.

"யார் தொட்டது?" என்றார் மேலாளர் இங்ரிட். நான்தான் என்றேன். கூர் பார்த்தேன் என்றேன்.

"அதற்கு மெஷின் இருக்கிறதே. மெஷின்மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இல்லாமல் இல்லை, கை அப்படி வளர்ந்துவிட்டது என்பதை எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் சொல்ல முடியவில்லை. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கழிவுப்பெட்டிக்குப் போகவேண்டிய பிட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அதை ஊருக்குப் போன தோழியிடம் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று அவர் வீடியோவில் வந்தார். "பூச்சு போனா என்னத்தா, உள்ள கார்பைடு கெட்டியாத்தான இருக்கு. வெரல வச்சுப் பாத்தேன், சரின்னுச்சு. மாட்டிட்டேன்" என்று கேமராவைத் திருப்பினார். மெஷினில் பிட் நின்றிருந்தது, பொன்னிறத்தில் என் விரல் இடம் மட்டும் வெளிறி. "வாரேன்த்தா, வேலை கெடக்கு" என்று ஸ்விட்சைப் போட்டார். இன்று காலை இரண்டு கையுறைகளை மாட்டிக்கொண்டு அடுத்த தொகுதியை அடுக்கினேன். என் கை எதையும் தொடவில்லை. இங்கே அது தொட்ட ஒரே பிட் செல்லூரில் சுழன்றுகொண்டிருக்கிறது.